‘டி’ இல்லாத ஆஸ்பத்திரி

எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் ‘சிஸ்டர்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் பதினைந்து வருடமாக நடக்கும் ஜெராக்ஸ் கடை. போர்டில் லேமினேஷன், லெட்டர்பேட், கல்யாண கார்டு என்று என்னவெல்லாமோ எழுதி வைத்திருந்தாலும், கடைக்குச் சோறு போடுவது வெளிநாடு போகத் துடிக்கும் நர்சுப் பிள்ளைகள்தான். அருமனை, மேல்புறம், குலசேகரம், களியக்காவிளை, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலை வரைக்கும் இருந்து வருவார்கள். ராத்திரி டூட்டி முடிந்து நேராக வருகிறவர்கள் உண்டு. நான் ஸ்கேன் செய்துகொண்டிருக்கும்போதே ஸ்டூலில் உட்கார்ந்தபடி தூங்கிவிடுவார்கள். அந்த ஃபோல்டரில் அறுநூறுக்கு மேல் பயோடேட்டா கிடக்கின்றன. அதில் ஒன்றைத் திறக்கும்போது மட்டும் எனக்கு வயிறு ஒரு மாதிரி ஆகிறது. ஆறு வருடமாகியும் ஆறவில்லை. எழுதிப் பார்த்தாலாவது ஆறுமா என்று பார்க்கிறேன்.

எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரி நர்சைத் தேடுகிறது, இங்கே ஒரு நர்சு வேலை தேடுகிறாள், நடுவில் ஒருவர் இருந்து இரண்டு பேரையும் சேர்த்து வைக்கிறார். கேட்கும்போது கல்யாணத் தரகு மாதிரிதான் இருக்கும். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு ஜாதகம் கிடையாது, ஞானஸ்நான சர்டிபிகேட்தான். ஆனாலும் இந்தப் பொருத்தம் பார்ப்பதில் யாருக்கும் விலக்கு இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வரும் தேவைப் பட்டியலில் கட்டம் கட்டமாகக் கேட்டிருப்பார்கள்: படிப்பு, வயது, எத்தனை வருட அனுபவம், எந்தப் பிரிவு. பயோடேட்டாவிலும் அதே கட்டங்கள். இந்தக் கட்டமும் அந்தக் கட்டமும் ஒத்துப்போனால் பெயர் மேலே போகும், இல்லையென்றால் ஓரமாகக் கிடக்கும். ஊசி போடத் தெரிந்த கை இருக்கிறதா, கத்தும் நோயாளியைச் சமாளிக்கிற பொறுமை இருக்கிறதா என்பதெல்லாம் நேர்காணல் வரைக்கும் யாருக்கும் தெரியாது.

இதில் எனக்கு நெடுநாளாகவே உறுத்துவது ‘பிரிவு’ என்கிற கட்டம். ஐசியூவா, டயாலிசிஸா, ஆபரேஷன் தியேட்டரா, பிரசவ வார்டா, ஒரு வார்த்தையில் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்து முப்பது, நாற்பது படுக்கை ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பிள்ளையிடம் இதைக் கேட்டால் சிரிக்கும். விடியற்காலை பிரசவம் பார்த்திருப்பாள், பத்து மணிக்கு ஓபியில் டோக்கன் கொடுத்திருப்பாள், மத்தியானம் டாக்டர் கூப்பிட்டால் குடலிறக்க ஆபரேஷனுக்குக் கருவி எடுத்துக் கொடுத்திருப்பாள், சாயங்காலம் கேஷ் கவுண்டரில் ஆள் இல்லையென்றால் அங்கேயும் உட்கார்ந்திருப்பாள். இத்தனையும் தெரிந்ததாலேயே எந்தக் கட்டத்திலும் அடங்கமாட்டாள். “ஐசியூன்னு போட்டுருங்கண்ணா, ஏஜென்சில அப்படித்தான் சொன்னாங்க” என்பார்கள். ஆரம்பத்தில் நானும் கேள்வி கேட்காமல் அடித்துக் கொடுத்திருக்கிறேன். பெரிய யோக்கியன் இல்லை நான்.

படுக்கை எண்ணிக்கை இன்னொரு வில்லங்கம். நூறு படுக்கைக்கு மேலுள்ள ஆஸ்பத்திரி அனுபவம் வேண்டும் என்று சில பட்டியல்களில் கேட்பார்கள். அதற்காகவே திருவனந்தபுரத்துக்கும் பெங்களூருக்கும் போய், ஹாஸ்டலில் ஆறு பேருக்கு ஒரு அறையில் கிடந்து, இரண்டு வருடம் ஓட்டுகிற பிள்ளைகள் எத்தனையோ. சம்பளம் கேட்டால் சொல்லத் தயங்குவார்கள். கேரளத்தில் பெரிய போராட்டங்களுக்குப் பிறகு 2018இல், சின்ன ஆஸ்பத்திரியானாலும் நர்சுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று அரசு அறிவித்தது. களியக்காவிளை செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் அந்த அறிவிப்பு செல்லாது. அப்போது என் கடைக்கு வந்தவர்கள் சொன்ன தொகை 8,000, 9,000. பாறசாலைப் பெண்ணும் குழித்துறைப் பெண்ணும் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து இதைப் பேசிக்கொள்ளும்போது, நான் பிரிண்டரைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொள்வேன்.

அருமனைப் பிள்ளை

பெயர் வேண்டாம். எங்கள் கடையில் அவளுக்கு ‘அருமனைப் பிள்ளை’ என்றுதான் பெயர். அப்பா ரப்பர் வெட்டுகிறவர். பிஎஸ்சி நர்சிங் முடித்துவிட்டு, எல்லைக்கு இந்தப் பக்கமுள்ள நாற்பது படுக்கை ஆஸ்பத்திரி ஒன்றில் மூன்று வருடம் வேலை பார்த்தாள். பயோடேட்டா அடிக்கும்போது ‘ஐசியூ’ போடட்டுமா என்று நானே கேட்டேன். “எங்க ஆஸ்பத்திரில ஐசியூவே இல்லியே அண்ணா. வார்டு, லேபர் ரூம், ரெண்டும் போடுங்க” என்றாள். அந்த ஒரு காரணத்துக்காகவே அவள்மேல் எனக்கு மதிப்பு கூடிப்போனது.

வளைகுடாவுக்கு நர்சுகளை அனுப்பும் வழி 2015இல் மாறிப்போனது பலருக்கு நினைவிருக்கும். குவைத் வேலைக்கு 19,500 ரூபாய் வாங்கவேண்டிய கொச்சி ஏஜென்சி ஒன்று 19.5 லட்சம் வாங்கியதாக வழக்கு வந்து, குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரி வரைக்கும் சிபிஐ கை நீண்டது அந்த வருடம்தான். அதற்கு முந்தைய வருடம் ஈராக்கின் திக்ரித்திலிருந்து 46 நர்சுகள் மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். கடன் கழுத்தை நெரிக்கிறது, வெறுங்கையோடு எப்படி ஊர் திரும்புவது என்று அவர்களில் சிலர் தயங்கியதைப் பத்திரிகையில் படித்துவிட்டு எங்கள் கடையிலேயே ஒரு பெண் அழுதாள். அப்புறம்தான் சவுதி, குவைத் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் நர்சுகள் போகலாம் என்று மத்திய அரசு சொன்னது. கேரளத்துக்கு நோர்க்கா ரூட்ஸும் ஒடெப்பெக்கும், நமக்கு ஓஎம்சிஎல் என்கிற அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். நோர்க்கா அலுவலகம் திருவனந்தபுரம் தைக்காட்டில், எங்களுக்கு ஒரு பஸ் தூரம். நம்முடையது 700 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் சென்னையில். அருமனைப் பிள்ளை அப்பாவோடு அனந்தபுரி எக்ஸ்பிரஸில் போய்ப் பதிவு செய்துவிட்டு வந்தாள். 2019 தொடக்கத்தில் சவுதி ஆஸ்பத்திரி ஒன்றுக்கு நேர்காணல், கொச்சியில். தேர்வாகிவிட்டாள். வார்டு நர்சுதான் கேட்டிருந்தார்கள். அவள் உண்மையாகப் போட்ட வார்த்தையே பொருந்திவிட்டது. கடைக்கு மஸ்கோத் அல்வா வாங்கிக்கொண்டு வந்தாள்.

தேர்வானால் போதாது. அப்புறம் டேட்டாஃப்ளோ என்கிற, சான்றிதழ்களைச் சரிபார்க்கும் நிறுவனம் இருக்கிறது. நர்சு கையில் வைத்திருக்கும் காகிதத்தை அவர்கள் நம்புவதில்லை, கொடுத்த இடத்திலேயே கேட்பார்கள். படித்த கல்லூரிக்கும், பதிவு செய்த நர்சிங் கவுன்சிலுக்கும், வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் போகும். ‘ஆமாம், இந்தப் பெண் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை இங்கே வேலை பார்த்தாள்’ என்று அங்கிருந்து பதில் வரவேண்டும். வந்தால் நல்ல அறிக்கை. பொய் என்று பதில் வந்தால் கதை முடிந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது: ‘சரிபார்க்க இயலவில்லை’. நல்லவள் என்றும் சொல்லாமல் கெட்டவள் என்றும் சொல்லாமல் வாசலில் நிறுத்தி வைக்கிற வார்த்தை அது.

அவளுக்கு அதுதான் வந்தது. கல்லூரி சரி, கவுன்சில் சரி, ஆஸ்பத்திரி இயலவில்லை. “நான் அங்க வேல பாக்கவே இல்லன்னு நினைப்பாங்களா அண்ணா?” என்று கேட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டால், எங்களுக்கு ஒரு மெயிலும் வரவில்லை என்றார்கள். அவள் அம்மாவுக்கு அந்த ஆஸ்பத்திரி மானேஜர்மேல்தான் சந்தேகம். வேலையை விட்டுப் போன கோபத்தில் வேண்டுமென்றே பதில் போடாமல் இருக்கிறார் என்று கடையில் வைத்தே திட்டினார்கள். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். சர்டிபிகேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் நிர்வாகங்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டவன் ஆயிற்றே, எனக்கு அதை நம்புவதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை. மறுபடி பணம் கட்டி மறு சரிபார்ப்புக்குப் போட்டாள். அதற்கும் அதே பதில். சவுதி ஆஸ்பத்திரி எவ்வளவு நாள் காத்திருக்கும்? பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். அருமனைப் பிள்ளை திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, ராத்திரிகளில் இங்கிலாந்துக்காக ஓஇடி என்கிற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்தாள்.

லெட்டர்பேட்

2020 பிப்ரவரியில் அந்த ஆஸ்பத்திரியின் கணக்குப்பிள்ளை கடைக்கு வந்தார். லெட்டர்பேட் தீர்ந்துவிட்டது, பழைய மாதிரியே இன்னும் ஐந்நூறு அடித்துத் தாருங்கள் என்றார். அவர்களுக்கு லெட்டர்பேட் வடிவமைத்துக் கொடுத்தவன் நான்தான், 2017இல். பழைய ஃபைலைத் திறந்தேன். மேலே பெரிய எழுத்தில் ஆஸ்பத்திரி பெயர், சிவப்புச் சிலுவை, எல்லாம் சரி. கீழே பொடி எழுத்தில் விலாசம், லேண்ட்லைன், மின்னஞ்சல். சிறிய எழுத்து சரியாக விழுமா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். மின்னஞ்சலில் ஹாஸ்பிட்டல் என்ற சொல்லில் ‘டி’ இல்லை. ஆங்கிலத்தில் ஒரே ஒரு எழுத்து. வாசித்தால் ‘ஹாஸ்பியல்’ என்று வருகிறது.

மூன்று வருடமாக அந்த ஆஸ்பத்திரி கொடுத்த ஒவ்வொரு அனுபவச் சான்றிதழிலும் இல்லாத ஒரு முகவரி இருந்திருக்கிறது. யார் கண்ணிலும் படவில்லை. படவும் வழியில்லை, எங்கள் ஊரில் ஆஸ்பத்திரிக்கு யார் மெயில் அனுப்புகிறார்கள்? மருந்துக் கம்பெனிக்காரன் போன் பண்ணுவான், மற்றவர்கள் வாட்சப்பில் வருவார்கள். லேண்ட்லைன் எப்போதோ செத்துவிட்டது. மெயில் வருவதென்றால் வெளிநாட்டிலிருந்து ஒரு பிள்ளையைப் பற்றிக் கேட்டுத்தான் வரவேண்டும். அது அத்தனையும் ‘டி’ இல்லாத ஆஸ்பத்திரிக்குப் போய் முட்டித் திரும்பியிருக்கிறது. எவரெஸ்ட் பயணங்களுக்குப் போய்வந்த ஆங்கிலேயர் சாமர்வெல் டாக்டர் வருடக்கணக்காக நெய்யூரில் ஆபரேஷன் செய்த நாடு இது. அவரை யாரும் சரிபார்க்க இயலவில்லை என்று திருப்பி அனுப்பவில்லை என்று அந்த நேரத்தில் ஏனோ ஒரு சம்பந்தமில்லாத யோசனை ஓடியது. மனசு தப்பிக்க வழி தேடும்போது இப்படித்தான் எங்கேயாவது ஓடும் போல.

கணக்குப்பிள்ளையிடம் ஒன்றும் சொல்லவில்லை. ‘டி’யைச் சேர்த்து, புது லெட்டர்பேட் அடித்து, காசு வாங்கிக்கொண்டு அனுப்பினேன். காசு வாங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நாலு நாள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. சவுதி போனது போனதுதான், இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது, அவள் மனசு நோகும், அவ்வளவுதானே என்று எனக்கு நானே வக்கீலாக இருந்தேன். அதுவும் அவளுக்கு அப்போது நல்ல காலம் தொடங்கியிருந்தது. ஓஇடியில் மற்ற மூன்றிலும் பி வாங்கி, எழுத்தில் மட்டும் சி பிளஸ் வாங்கி நொந்துபோயிருந்தாள். ஜனவரி கடைசியில் இங்கிலாந்து நர்சிங் கவுன்சில் எழுத்துக்கு சி பிளஸ் போதும் என்று விதியைத் தளர்த்தியது. ஒரே ராத்திரியில் தேறாத பிள்ளை தேறிய பிள்ளை ஆகிவிட்டாள். அங்கே ஏஜென்சிக்குப் பணம் கொடுக்கவேண்டியது ஆஸ்பத்திரிதான், நர்சிடம் கை நீட்டக்கூடாது என்று பிரிட்டிஷ் அரசின் விதி இருப்பதால் அவள் அப்பாவுக்கும் தைரியம் வந்திருந்தது. வீடியோ நேர்காணலுக்குத் தேதி குறித்தாகிவிட்டது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அவளே கடைக்கு வந்தாள், கையில் மாதிரிக் கேள்விகள். வீட்டில் இங்கிலீஷில் கேள்வி கேட்க ஆள் இல்லை, நீங்கள் கேளுங்கள், நான் சொல்கிறேன் என்றாள். கேட்டுக்கொண்டே வந்தேன். நோயாளிக்கு மூச்சு முட்டினால் முதலில் என்ன பார்ப்பாய், சக ஊழியர் நோயாளியிடம் முரட்டுத்தனமாக நடந்தால் என்ன செய்வாய், அப்படிப் போனது. ஏழாவதோ எட்டாவதோ, ‘தவறான மருந்தைக் கொடுத்துவிட்டாய் என்று பிறகு தெரிகிறது, என்ன செய்வாய்?’ அவள் நிறுத்தாமல் சொன்னாள். முதலில் நோயாளியைப் போய்ப் பார்ப்பேன், டாக்டரிடமும் பொறுப்பு நர்சிடமும் உடனே சொல்வேன், நோயாளியிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்பேன், சம்பவப் படிவம் எழுதுவேன். சொல்லிவிட்டு, “சரியாண்ணா?” என்றாள்.

சரி என்றேன். அடுத்த கேள்விக்குப் போனேன்.

கதையாக இருந்தால் அந்த இடத்தில் நான் சொல்லியிருப்பேன். சொல்லவில்லை. மீதிக் கேள்விகளையும் கேட்டு, பத்து பக்கம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்து, காசு வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அவள் வற்புறுத்தி இருபது ரூபாயை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் இரண்டு நாள் கழித்து ஒரு விஷயம் உறைத்தது. இங்கிலாந்து ஆஸ்பத்திரியும் முந்தைய வேலையிடங்களுக்கு ரெஃபரன்ஸ் கேட்டு மெயில் அனுப்பும். அவள் கையிலிருப்பது பழைய சான்றிதழ். நான் வாயைத் திறக்காவிட்டால் அதே பள்ளத்தில் இரண்டாம் தடவையும் விழுவாள். மனசாட்சி உறுத்தித்தான் சொன்னேன் என்று பெருமையடிக்க எனக்கு வழியில்லை. பயந்துபோய்ச் சொன்னேன், அதுவும் போனில், அவள் டூட்டிக்குப் போகிற பஸ்ஸில் இருக்கும்போது.

சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் பஸ் சத்தம் மட்டும்தான். நெய்யாற்றின்கரை, நெய்யாற்றின்கரை என்று கண்டக்டர் மலையாளத்தில் கத்துவது கேட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது இதுதான்: “அந்த லெட்டர்பேட்ல எத்தன பேருக்கு சர்டிபிகேட் போயிருக்கும் அண்ணா?”

எனக்கு அது தோன்றவே இல்லை. ஒரு வாரமாக அவளைப் பற்றியும் என்னைப் பற்றியும் மட்டுமே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பதினொரு பேர்

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் மானேஜரிடம் ஒப்புக்கொண்டேன். நாங்கள் எல்லாரும் சேர்ந்து திட்டிய அதே மானேஜர். அவர் கோபப்படாமல் ரிஜிஸ்டரை எடுத்துப் போட்டார். 2017க்குப் பிறகு சான்றிதழ் வாங்கிப் போனவர்கள் பதினொரு பேர். சரியான மின்னஞ்சலைத் திறந்து காட்டுங்கள் என்றால், அதன் பாஸ்வேர்டு தெரிந்த பெண் கல்யாணமாகிப் போய் இரண்டு வருடமாகிவிட்டதாம். ஆக ‘டி’ இருந்திருந்தாலும் பதில் போயிருக்குமா என்பது சந்தேகம்தான். இதை அருமனைப் பிள்ளையிடம் சொன்னபோது, “அது அவங்க தப்பு, இது உங்க தப்பு, ரெண்டும் வேற வேற” என்றாள். நியாயம். பழைய செல்போன் எண்ணைத் தேடிப்பிடித்து பாஸ்வேர்டை மீட்டு, புது லெட்டர்பேடில் பதினொரு பேருக்கும் மறு சான்றிதழ் தயார் செய்தோம். செலவு என்னுடையது.

பதினொரு பேரையும் போனில் பிடிக்க மூன்று வாரமானது. ஆறு பேர் வெளிநாட்டுக்கு முயற்சியே செய்யவில்லை. இரண்டு பேர் விசிட் விசாவில் துபாய் போய் அங்கேயே தேடி எதையோ பிடித்திருந்தார்கள். அருமனைப் பிள்ளையைப் போலவே இன்னும் இரண்டு பேருக்கு ‘இயலவில்லை’ வந்திருந்தது. அவர்களில் ஒருத்தி மறு சரிபார்ப்புக்குப் போட்டாள். கேள்வி மெயில் வந்த அன்று கணக்குப்பிள்ளை ஓடி வந்து என் கடையில் உட்கார்ந்தார், இங்கிலீஷில் பதில் அடிக்கத் தெரியாது என்று. அவர் ரிஜிஸ்டரைப் பார்த்துத் தேதி சொல்ல, நான் அடித்தேன், அவர் அனுப்பினார். ஒவ்வொரு எழுத்தையும் மூன்று தடவை பார்த்தேன். இன்னொருத்திக்கு நான் போன் செய்தபோது குழந்தை அழும் சத்தம் கேட்டது. குலசேகரம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள், நர்சு வேலையை விட்டாச்சு. “சும்மா இருக்கட்டும் அண்ணா, இனி எதுக்கு” என்றாள். சான்றிதழை வாங்க வரவில்லை. அது இன்னும் என் மேஜை டிராயரில் பிளாஸ்டிக் கவருக்குள் இருக்கிறது.

அருமனைப் பிள்ளை கொரோனாவில் ஒன்றரை வருடம் தாமதமாகி 2021 கடைசியில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தாள். போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தபோது கடைக்கு வந்தாள். இப்போதெல்லாம் அங்கே வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பது குறைந்துவிட்டது, பிள்ளைகளிடம் ஜெர்மன் படிக்கச் சொல்லுங்கள் என்றாள். சொல்லத்தான் செய்கிறேன். பி1 நிலை வரை இங்கேயே படித்துவிட்டுப் போகலாம், திருவனந்தபுரத்தில் நல்ல இடங்கள் இருக்கின்றன. கிளம்பும்போது சுவரில் ஒட்டியிருந்த புது லெட்டர்பேட் மாதிரிகளை வரிசையாக உற்றுப் பார்த்துவிட்டுப் போனாள். ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது எந்த ஆஸ்பத்திரிக்கு லெட்டர்பேட் அடித்தாலும், அதிலுள்ள முகவரிக்கு என் மெயிலிலிருந்து ‘கிடைத்ததா?’ என்று ஒரு வரி அனுப்புவேன். பதில் வந்தால்தான் அச்சுக்குப் பிளேட் போடுவேன். போன திங்கட்கிழமை குழித்துறைக்காரர்கள் ஆர்டர் கொடுத்தார்கள், அன்றைக்கே அனுப்பினேன். எழுத்தெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. இன்றைக்கு வெள்ளி. போன் செய்தால் எடுக்கிறார்கள், லெட்டர்பேட் எப்போது கிடைக்கும் என்று கேட்கிறார்கள். மெயிலைத் திறந்து பாருங்கள் என்கிறேன். பார்க்கிறோம் என்கிறார்கள்.